இல்லாத கூடத்துக்கு ஒரு மாணவி

ஜனவரி 18

அன்புக்கும் குறும்புக்கும் உரிய இளவலுக்கு,

இங்கே நானும் என் தையல் இயந்திரமும் நலமாக இருக்கிறோம். இயந்திரம் மட்டும் காலை வேளைகளில் ஒரு முக்கல் முக்கிவிட்டுத்தான் ஓடத் தொடங்குகிறது. நீயும் உன் இல்லத்தரசியும் என் மருமகள் துருவியும் நலமென்றே நம்புகிறேன். பாலத்தின் மேல் நின்று பற்றவைக்கும் வேலை உன்னுடையது. இடுப்புக் கயிற்றைக் கட்டாமல் வீரம் காட்டாதே.

நேற்று என் கடைக்கு எதிரே உள்ள பள்ளியின் தலைமையாசிரியை நேரில் வந்தார். கழுத்துப்பட்டி மாற்ற வந்திருக்கிறார் என்றெண்ணி அளவு நாடாவை எடுத்தேன்.

"துணி தைக்க வரலைம்மா. வார்த்தை தைக்க வந்திருக்கேன்" என்றார்.

வரும் கல்வியாண்டில் சேர்க்கைக்காக வீடு வீடாகக் கொடுக்க ஓர் அறிமுக ஏடு வேண்டுமாம். பள்ளியில் என்னென்ன இருக்கின்றன, எதை அவர்கள் உயர்வாகக் கருதுகிறார்கள் என்று நான்கு பக்கம்.

"ஆசிரியர் பெருமக்கள் இத்தனை பேர் இருக்கையில் நானா?" என்று கேட்டேன், வேண்டுமென்றே அடக்கமாக.

"அவங்க எழுதினா சுற்றறிக்கை மாதிரி வருது. உங்க கடை அறிவிப்புப் பலகையைத் தினமும் படிக்கிறேன். 'இன்று விடுமுறை'ன்னு எழுத வேண்டிய இடத்துல 'ஊசிக்கும் ஓய்வு வேண்டும், பொறுத்தருள்க'ன்னு எழுதறீங்க. அந்தக் கைதான் வேணும்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மிச்சமெல்லாம் துணி சுற்றிவந்த செய்தித்தாளிலும் நடமாடும் நூலக வண்டியிலும் நானே தேடிக் கற்றவை. அந்த என்னிடம் ஒரு பள்ளியே வந்து சொல் கேட்டு நிற்கிறது! மகிழ்ச்சியில் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டேன்.

நீ இங்கிருந்த காலத்தில் அதைக் 'கடைசிப் பள்ளி' என்பார்கள். வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகள் போய்ச் சேரும் இடம். இந்த அம்மையார் வந்த பிறகு நிலைமை மாறிவருகிறது. வந்ததும் அவர் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? பெண்கள் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள். மதியத்தோடு வீட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்த பெண் பிள்ளைகள் அதற்கப்புறம் மாலைவரை இருக்கத் தொடங்கினார்கள். ஆயினும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வாண்டும் ஆறாம், ஏழாம் வகுப்புகள் நிரம்பாவிட்டால் மேல்வகுப்புகளை வேறு பள்ளியோடு இணைத்துவிடுவார்களாம்.

துருவியை என்னிடம் அனுப்பிப் பாரேன். தெருவைக் கடந்தால் பள்ளி. என் வீட்டு மேலறை காலியாகத்தான் கிடக்கிறது.

உன் நலனையே நாடும்,
அக்கா

*

ஜனவரி 30

புலவர் அக்காவுக்கு,

உன் கடிதத்தை உணவு இடைவேளையில் உரக்கப் படித்தேன். "யாருப்பா இது, மந்திரியா?" என்று மேஸ்திரி கேட்டார். "மந்திரி இல்லை, டெய்லர்" என்றேன். நம்பவில்லை. நாங்கள் மூவரும் சுகம். என் மனைவிக்கு இருமல் நின்றுவிட்டது. கயிறு கட்டித்தான் ஏறுகிறேன், திட்டாதே.

அறிமுக ஏடு எழுதக் கூப்பிட்டார்களா! ஐந்தாம் வகுப்பு வாத்தியார் இருந்திருந்தால் ஆடிப்போயிருப்பார். நன்றாக எழுது. படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரியும் கொஞ்சம் எழுது.

துருவி விஷயம்தான் கஷ்டம். பாலம் முடிந்தால் நாங்கள் இடம் மாறுகிறோம். அவளும் பள்ளி மாறுகிறாள். இதுவரை ஐந்து பள்ளி பார்த்துவிட்டாள். கடைசியாகப் படித்த பள்ளியில் முன்னேற்ற அட்டையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.' அன்றிலிருந்து அவள் பள்ளிக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். இப்போது அம்மாவோடு வேலையிடத்துச் சமையல்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

அத்தை வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டேன். "எல்லா ஸ்கூலும் ஒண்ணுதான்ப்பா. சுவர் கலர் மட்டும்தான் மாறும்" என்கிறாள். பன்னிரண்டு வயதில் இப்படிப் பேசினால் நான் என்ன செய்வேன்? அவளைக் கட்டாயப்படுத்தி ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. அவளாக வந்தால்தான் உண்டு.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 22

அருமை இளவலுக்கு,

இருமல் நீங்கிய உன் இல்லத்தரசிக்கு வாழ்த்துகள். எனக்கும் உடல்நிலைக்குக் குறைவில்லை. கட்டைவிரலில் ஊசி ஏறியது. ஆனால் அது கவனக்குறைவால் அன்று. வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்ததால் நேர்ந்தது.

இத்துடன் ஏட்டின் ஒரு படியை அனுப்புகிறேன். துருவியிடம் கொடு. மூன்றாம் பக்கத்தை நீயும் நிறுத்தி நிதானமாக வாசி:

'இப்பள்ளியில் வாசிப்போர்க்கு நூலகமும், வழக்குடையோர்க்கு நேர்செய் மன்றமும், கைத்திறன் நாடுவோர்க்கு மரவேலைக் கூடமும், விண்ணை வினவுவோர்க்கு மேல்தளத்தே வானியல் கூடமும் விளங்குகின்றன.'

இதைப் படித்தபோது அச்சகக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். தாள் உருளையில் சிக்கியதாலும் இருக்கலாம்.

அச்சுக்குப் போகுமுன் தலைமையாசிரியை ஓரிரு இடங்களில் சிவப்பு மையால் திருத்தம் செய்திருந்தார். அவருக்கு நேரமின்மை, பணிச்சுமை. வாக்கியத்தின் நடை குலையாதபடி அவற்றை நானே அச்சகத்தில் ஒழுங்குசெய்துவிட்டேன்.

ஏடு இப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. காய்கறிக்கடை அம்மாள் அதை மடித்து வைக்காமல் சுவரில் ஒட்டியிருக்கிறார். நான் அவ்வழியே தேவையின்றி அடிக்கடி நடக்கிறேன்.

பெருமிதத்துடன்,
அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். துருவி வருகிறாள்!

ஏட்டைக் கொடுத்தபோது கையைக்கூட நீட்டவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் தட்டுகள் அப்படியே கிடக்கின்றன, இவள் ஈரக் கையோடு படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, வானியல் கூடம்னா நட்சத்திரம் பார்க்கிற இடம்தானே?"

"ஆமா."

"ஒரு ஸ்கூல்லயா?"

"அத்தை எழுதியிருக்காங்களே."

அவ்வளவுதான். நான்கு மாதமாகப் பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் திருப்பிக்கொண்டவள், இன்று பழைய பாடப்புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குகிறாள். அவள் அம்மா உள்ளே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள். எனக்கும் கண்ணில் ஏதோ பட்டது. வெல்டிங் பொறி என்று சொல்லிக்கொண்டேன்.

அக்கா, நீ எழுதியதில் இதுதான் உருப்படியானது. கீழே அவள் ஏதோ கேட்டிருக்கிறாள், பதில் போடு.

நன்றியுடன்,
தம்பி

அத்தைக்கு, வணக்கம். தொலைநோக்கி கண்ணாடி வில்லை வைத்ததா, ஆடி வைத்ததா? கூரை திறக்குமா, சுழலுமா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொட விடுவார்களா? மழைக்காலத்தில் என்ன செய்வார்கள்? சாவி யாரிடம் இருக்கும்? — துருவி

*

ஏப்ரல் 21

பாசமிகு இளவலுக்கு,

மறுமொழி தாமதமானதற்குப் பொறுத்தருள்க. சீருடைப் பணி மிகுதி. மேலும் சற்றே தலைவலி. இப்போது சரியாகிவிட்டது, பெரும்பாலும்.

பள்ளியைப் பற்றிச் சில செய்திகள். காலையில் பசியோடு வரும் பிள்ளைகளுக்கு முதல் மணிக்கு முன்பே சிற்றுண்டி கொடுக்கிறார்கள். யாருக்கு வேண்டும் என்று கேட்பதில்லை, எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். கேட்டால் சில பிள்ளைகள் கூச்சப்பட்டு வேண்டாம் என்றுவிடுமாம். ஒன்பதாம் வகுப்பார் ஒவ்வொருவரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு வாசிப்புத் துணை. என் கடைப் படியில் உட்கார்ந்தும் வாசிக்கிறார்கள். பிழை வந்தால் நான் உள்ளிருந்து குரல் கொடுக்கிறேன். மாலையில் பெற்றோருக்குக் கணக்கு வகுப்பு நடக்கிறது. காய்கறிக்கடை அம்மாள் அங்கே போய்விட்டு வந்து, "டீச்சர் போடற வழி சுத்து வழி" என்று குறைசொல்கிறார். ஆனால் ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

நேர்செய் மன்றம் என்று நான் பெயரிட்டதைப் பிள்ளைகள் 'பெஞ்சு' என்றே அழைக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நூலக மேசையில் ஐந்து மாணவர்கள் அமர்வார்கள். தவறு செய்தவர் எதிரில் நிற்க வேண்டும். தண்டனை கிடையாது, கெடுத்ததை எப்படிச் சரிசெய்வாய் என்பது மட்டுமே கேள்வி. சென்ற வாரம் சன்னல் கண்ணாடியை உடைத்த ஒருவன், மரவேலைக் கூடத்தில் கற்றுக்கொண்டு தானே புதுக் கண்ணாடி பொருத்தினான். இப்போது ஊரில் யார் வீட்டுச் சன்னலைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கிறான்.

வானியல் கூடம் பற்றி வினவியிருந்தாள். அது மிகவும் உயரத்தில் அமைந்துள்ளது. காற்றோட்டம் பாராட்டத்தக்கது. பார்வைக்கு எத்தகைய தடையும் இல்லை.

வெயிலில் அலையாதே. தண்ணீர் நிறையப் பருகு.

இங்ஙனம்,
அக்கா

*

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

தலைவலி விட்டதா? இங்கே எல்லாரும் நலம்.

நேராகக் கேட்கிறேன். நீ ஒரு பொத்தானைப் பற்றியே அரைப்பக்கம் எழுதுகிறவள். வானியல் கூடத்துக்கு மூன்று வரிதானா? 'காற்றோட்டம் பாராட்டத்தக்கது' என்றால் என்ன அர்த்தம்? அதற்குச் சுவர் இருக்கிறதா, இல்லையா?

துருவி அட்டையில் ஒரு கூரை செய்து சுழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை ஏமாந்தாலும் இனி எந்தப் பள்ளி வாசலையும் மிதிக்க மாட்டாள். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவளுக்கே எழுது.

தம்பி

*

மே 15

அன்புள்ள துருவிக்கு,

அத்தை எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. உனக்கு எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. என் கடையில் வாடிக்கையாளரிடம் பேசும்போது வராத ஒரு சொல்லும் இதில் வரக்கூடாது. யார் போட்ட கட்டுப்பாடு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இது: வானியல் கூடம் இல்லை.

மொட்டை மாடிதான் இருக்கிறது. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த மேசைகள் சில, நிறையப் புறாக்கள். அறிவியல் ஆசிரியர் மாலை வேளையில் விருப்பப்பட்ட பிள்ளைகளை ஏணியில் ஏற்றி அழைத்துப்போவார். அவருடைய சொந்த இரட்டைக் குழாய்க் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். திறக்கிற கூரை இல்லை. கூரையே இல்லை.

நான் எழுதிக் கொடுத்ததில் தலைமையாசிரியை 'வானியல் கூடம்' என்பதை அடித்து 'மொட்டை மாடி' என்று எழுதியிருந்தார். அச்சகத்தில் நான் அதை மறுபடியும் மாற்றினேன். ஏன் என்று கேட்பாய். நூலகம், மன்றம், மரவேலைக் கூடம் என்று நடந்து வந்த வாக்கியம், கடைசியில் மொட்டை மாடியில் போய் இடறி விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் கேள்விகளைக் கண்ணுற்ற — பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. உன் அப்பாவின் கடிதமும் வந்தது. தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"லீவுலயும் பெஞ்சு உண்டு. வெள்ளிக்கிழமை வந்துடுங்கம்மா" என்றார்.

"அது பிள்ளைகளுக்குத்தானே?"

"பள்ளிக்காக வேலை செஞ்சு அதுல தப்பு பண்ற எல்லாருக்கும்தான். போன வருஷம் நான் நின்னேன். நேரத்துக்கு வராம ஒரு வகுப்பைக் காக்க வெச்சுட்டேன்."

போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், பயம் தெரியக்கூடாதென்று. நடுவில் உட்கார்ந்திருந்தது பத்தாம் வகுப்புப் பெண். அவள் சீருடை நான் தைத்ததுதான். பக்கத்தில் உன் வயசில் ஒரு குண்டுப் பையன்.

"நீங்க எழுதினது பொய்யாம்மா?" என்று கேட்டான்.

"பொய் இல்லைப்பா. இருக்கிறதைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்றது. அதுக்கு இலக்கணத்துல இடமுண்டு."

"எவ்ளோ உயர்த்தினீங்க?"

"மாடி மேல ஒரு முழுக் கூடம் அளவுக்கு" என்றேன். அங்கிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"இதை நம்பி யாராவது வர்றாங்களாம்மா?"

"என் மருமகள்" என்றேன்.

"அப்போ எப்படிச் சரிசெய்வீங்க?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை துருவி. நான் மற்றவர் பிழையைத் திருத்திப் பழகியவள். நானே சொன்னேன்: ஏடு போன வீடுகளுக்கெல்லாம் நேரில் போய் உண்மையைச் சொல்கிறேன், மருமகளுக்கும் எழுதுகிறேன் என்று. அவர்கள் கூடிப் பேசி ஒன்றைச் சேர்த்தார்கள். எழுதினால், வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் "நீங்க சொன்னது அவங்களுக்குக் கேக்காதும்மா" என்றான் அந்தப் பையன்.

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். மற்றவர்கள், "தாழ்ப்பாள் நிஜம்தானே? காலைல சாப்பாடு நிஜம்தானே?" என்று கேட்டார்கள். நிஜம் என்றேன். "அப்புறம் என்ன, உள்ள வாங்க, தேநீர் குடிங்க" என்றார்கள். அதிகமாகத் தேநீர் குடித்து வயிறு கெட்டதுதான் மிச்சம். காய்கறிக்கடை அம்மாள் சுவரில் ஒட்டிய ஏட்டின் மேலேயே கரிக்கட்டையால் 'மாடி' என்று திருத்தி எழுதிவிட்டார்.

நீ வர வேண்டாம் என்று முடிவு செய்தால் அது நியாயம்தான். வந்தால் மேலறை உனக்கு.

உன் அத்தை

*

மே 27

அன்பு அக்காவுக்கு,

வயிறு சரியாயிற்றா? நாங்கள் நலம். பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று நீ தவித்திருப்பாய். நானும் தவித்துக்கொண்டுதான் இருந்தேன். கடிதத்தை அவள் படித்து முடித்தாள். அட்டைக் கூரையை எடுத்து அடுப்பில் போட்டாள். தட்டு கழுவப் போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று நான் மதியம் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை ஏன்ப்பா அப்படி எழுதினாங்க?"

"வாக்கியம் அழகா இருக்கணும்னு."

"வேற எதுக்கும் இல்லையா?"

"உங்க அத்தைக்கு அது போதும்மா."

சிரிக்க ஆரம்பித்தாள். அக்கா, அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து வெகுநாள் ஆயிற்று. சமையல்கூடத்தில் இருந்தவர்களெல்லாம் என்ன என்று கேட்டு வந்தார்கள். அவர்களிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். 'எவ்ளோ உயர்த்தினீங்க' வரும்போது மேஸ்திரி மேசையைத் தட்டிச் சிரித்தார். உன் மானம் இங்கே கப்பலேறிவிட்டது, மன்னித்துக்கொள்.

பிறகு என்னைக் கேட்டாள்: "அந்த ஸ்கூல்ல பசங்க கேள்வி கேட்டா பெரியவங்க பதில் சொல்வாங்களா?"

"சொல்லியிருக்காங்களே."

"தலைமையாசிரியைகூடவா?"

"அவங்களும் நின்னாங்கன்னு எழுதியிருக்கே."

"அப்போ போய்ப் பார்க்கிறேன். நட்சத்திரம் எங்க வேணா பார்த்துக்கலாம்" என்றாள்.

போய்ப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள், இருக்கிறேன் என்று சொல்லவில்லை. முதல் பருவம் முடியும்வரை இருக்கட்டும். வேண்டாம் என்றால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரம் அழைத்து வருகிறேன்.

தம்பி

*

ஜூலை 25

இளவலுக்கு,

நலம், நலமே விளைக. நான் வாக்கியங்களை முன்போல் எழுதத் தொடங்கிவிட்டேன் என்று பார்க்கிறாயா? கட்டுப்பாடு ஒரு கடிதத்துக்கு மட்டுமே. மேல்முறையீடு செய்யாமலே அதை உறுதிசெய்துகொண்டேன்.

வகுப்புகள் நிரம்பிவிட்டன. ஏழாம் வகுப்புக்கு இரண்டாம் பிரிவே தொடங்கினார்கள். மேல்வகுப்புகளை இணைக்கும் பேச்சு இவ்வாண்டு எழாது. தலைமையாசிரியை என் கடைக்கு வந்து முக்காலியில் அமர்ந்து சிரித்துவிட்டுப் போனார்.

துருவி நன்றாகச் சாப்பிடுகிறாள். நன்றாக உறங்குகிறாள். முதல் வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம், நிலா ஏன் பகலிலும் தெரிகிறது என்று. அறிவியல் ஆசிரியர், "தெரியும்னு நினைச்சேன், சொல்ல வரும்போது தெரியல. நாளைக்குச் சொல்றேன்" என்றாராம். மறுநாள் சொல்லவும் செய்தாராம். அன்று மாலை அவள் கடைக்குள் வந்து, என் கத்தரிக்கோலையும் துணியையும் ஓரம் தள்ளிவிட்டு, மேசைமேல் ஏறி உட்கார்ந்து அந்தப் பாடம் முழுவதையும் எனக்கு நடத்தினாள். நானும் கேள்வி கேட்டேன். விடுவேனா?

உனக்கு எழுதச் சொன்னேன். "இருக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிட்டு எழுதறேன்" என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை.

பள்ளி மாடி தற்போது பூட்டப்பட்டிருக்கிறது. காரணத்தை அவளே உரைப்பாள்.

அக்கா

*

ஆகஸ்ட் 12

செல்லத் துருவிக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். நீ இல்லாததால் தட்டு கழுவும் வேலை எனக்கு வந்துவிட்டது, அது ஒன்றுதான் நோய்.

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. மாடியைப் பூட்டிவிட்டார்கள் என்று அத்தை எழுதினாள், ஏன் என்று எழுதவில்லை. உன்னை யாராவது ஏதாவது சொன்னார்களா? கொடுத்த வாக்கு வாக்குதான். பருவம் முடியும் சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம். யாரும் உன்னைக் குறைசொல்ல மாட்டோம். அம்மா உன் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை.

அப்பா

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உட்கார்ந்து வேலை செய்யச் சொல்லுங்கள். அத்தையும் நலம். ஒரு புதிய சொல் கண்டுபிடித்திருக்கிறார்கள், இரண்டு நாளாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதாததற்கு மன்னிக்கவும். நேரமே இல்லை. மாடியைப் பூட்டியதற்குக் காரணம் நான்தான். அட்டைப் பெட்டியில் ஊசித் துளை போட்டு, சூரியனுடைய உருவத்தை உள்ளே விழவைக்கலாம் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். அதை ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆசிரியர் வருவதற்கு முன்னாலேயே நான் அவர்களை ஏணியில் ஏற்றிவிட்டேன். மாடியின் ஓரச் சுவர் எனக்கு முழங்கால் உயரம்தான். ஒரு குட்டி அதன்மேல் ஏறி நின்று, "அக்கா, எங்க வீடு தெரியுது!" என்று கத்தினாள். தலைமையாசிரியை கீழேயிருந்து பார்த்துவிட்டார். அவர் முகம் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிட்டது. திட்டவில்லை. எல்லாரையும் இறக்கிவிட்டு மாடியைப் பூட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

பெஞ்சில் நின்றேன். அத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னைவிட அவர்களுக்குத்தான் அதிகமாக வியர்த்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நானும் ஒரு கேள்வி கேட்கலாமா என்று கேட்டேன். "கேளு" என்றார்கள்.

"சுவர் இவ்ளோ குட்டையா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்தானே? இவ்ளோ நாள் ஏன் யாரும் சரிசெய்யல?"

யாரும் கோபப்படவில்லை அப்பா. எல்லாரும் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "அது என் தப்பு. நானும் இங்கயே நின்னுக்கறேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான்.

முடிவு இதுதான்: சுவரின் மேல் சுற்றிலும் இரும்புக் கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும். அதுவரை மாடி திறக்காது. கம்பி வந்து இறங்கிவிட்டது. சுண்ணாம்புக் கட்டியால் எங்கெங்கே கம்பிக்கால் ஊன்ற வேண்டும் என்று நானும் குண்டுப் பையனும் அளந்து குறித்துவிட்டோம். (அவனிடம் குண்டு என்று சொல்ல மாட்டேன். அவன் என் நண்பன்.) பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. என் அப்பா பாலத்துக்கே கைப்பிடி வைக்கிறவர் என்று பெஞ்சில் சொன்னேன். வருவார் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். நான் அத்தை மாதிரி மாட்டிக்கொள்ள மாட்டேன்.

அம்மாவிடம் என் இடத்தில் யாரையாவது உட்காரவைக்கச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம். விடுமுறைக்கு விடுமுறை நான் வந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

என் சாமான்களை ஏற்ற வண்டி கொண்டுவருவதாக எழுதியிருந்தீர்கள். சாமான்கள் இங்கேயே இருக்கட்டும். வெல்டிங் இயந்திரத்தை ஏற்றிவர வண்டி வேண்டும், அதனால் பெரிய வண்டியாகவே கொண்டுவாருங்கள். சனிக்கிழமை காலை முதல் மணிக்கு முன்னால் வந்தால் உங்களுக்கும் சிற்றுண்டி கிடைக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், எல்லாருக்கும் கொடுப்பார்கள்.

உங்கள் அன்பு மகள்,
துருவி
ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு